‘சுறுசுறுப்பு’ என்று மொழிபெயர்ப்பதால் வரும் குழப்பம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலைவாய்ப்புச் செய்திகளிலும் கணினிக் கட்டுரைகளிலும், மென்பொருள் உருவாக்கும் ஒரு வழிமுறையைக் குறிக்கும் ‘அஜைல்’ என்ற சொல்லைச் ‘சுறுசுறுப்பு முறை’ என்றும் ‘விரைவு முறை’ என்றும் தமிழில் எழுதுவது வழக்கமாகிவிட்டது. அதைப் படிக்கும் பெற்றோர், மொரீசியஸின் கணினி நிறுவனங்கள் இருக்கும் எபேனுக்கு வேலைக்குப் போகும் பிள்ளை இனி இரண்டு மடங்கு வேகமாக உழைக்கவேண்டும் போலும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். மொரீசியஸ் பல்கலைக்கழகம் இருக்கும் ரெதுயியில் பட்டம் முடித்து வரும் பிள்ளைகளோ நேர்காணலில் கூட்டங்களின் பெயர்களை வரிசையாக ஒப்பிக்கிறார்கள். எதற்காக அந்தக் கூட்டம் என்று கேட்டால் தயங்குகிறார்கள். எபேன் சைபர் சிட்டியின் மென்பொருள் குழுக்களில் பணிபுரியும் நாங்கள் சிலர் சேர்ந்து, இந்த முறையின் அடிப்படையைத் தமிழில் ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட விரும்புகிறோம். சற்று நீண்ட கடிதம், பொறுத்தருளவேண்டும்.

அஜைல் என்ற சொல்லின் உயிர் திரும்பும் திறனில் இருக்கிறது. அறுவடைக் காலத்தில் கரும்பு ஏற்றிய லாரி நெடுஞ்சாலையில் நல்ல வேகத்தில்தான் போகும். ஆனால் வழி தவறிவிட்டது என்று தெரிந்தபின் அது திரும்ப, அடுத்த ரவுண்டானா வரை போகவேண்டும். மோட்டார் சைக்கிள் நின்ற இடத்திலேயே திரும்பிவிடும். மென்பொருளில் வழி தவறுவது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் தனக்கு என்ன வேண்டும் என்பது கேட்பவருக்கே கையில் வாங்கிப் பார்த்தபிறகுதான் தெரியவரும். ஆகவே சீக்கிரம் கையில் கொடு, பார்த்துச் சொல்லச் சொல், திருத்து. மற்ற ஏற்பாடுகள் எல்லாம் இதற்குத் துணை நிற்பவை.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். தேவை, வடிவமைப்பு, நிரல், சோதனை என்று அருவிபோல் படிப்படியாக இறங்கும் முறையின் படம் 1970-ல் வின்ஸ்டன் ராய்ஸ் எழுதிய ஒரு கட்டுரையில் இருக்கிறது. அப்படியே செய்தால் தோல்வியில் முடியும் என்று அதே கட்டுரையில் அவர் எச்சரித்தும் இருக்கிறார். படத்தை எடுத்துக்கொண்டவர்கள் எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்ற மலை விடுதியில் 17 பேர் கூடி, அஜைல் அறிக்கையை எழுதினார்கள். அதில் நான்கு முன்னுரிமைகள்: செயல்முறையையும் கருவியையும்விட மனிதர்களும் அவர்கள் கலந்து பேசுவதும், விரிவான ஆவணத்தைவிட ஓடும் மென்பொருள், ஒப்பந்தப் பேரத்தைவிட வாடிக்கையாளரோடு கூடி உழைப்பது, போட்ட திட்டத்தைவிட மாற்றத்துக்கு ஏற்ப நடப்பது. முன்னுரிமை குறைந்த மற்ற நான்குக்கும் மதிப்பு உண்டு என்று அறிக்கையே சொல்கிறது. “அஜைல் என்பதால் ஆவணம் எழுதமாட்டோம்” என்று சொல்லும் குழு அதைப் பாதிதான் படித்திருக்கிறது.

இனி நடைமுறை. ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம்: தைப்பூசக் காவடிக்குப் பெயர் பதிவு செய்ய ஒரு கோயிலுக்குக் கைபேசிச் செயலி வேண்டும். தைப்பூசம் நமக்காக ஒரு நாளும் தள்ளிப்போகாது. கொடியேற்றத்துக்கு முன்பே பதிவு தொடங்கவேண்டும். பழைய முறையில், செய்யவேண்டியவற்றின் பட்டியலை முதலில் பூட்டிவிடுவார்கள். வேலை பிந்தும்போது நாள் நழுவும், ஆட்கள் சேர்க்கப்படுவார்கள். பிந்திய வேலைக்கு ஆள் சேர்த்தால் இன்னும் பிந்தும் என்று ஃபிரெட் புரூக்ஸ் 1975-லேயே எழுதினார்; புதியவருக்குச் சொல்லிக்கொடுப்பதிலேயே பழையவரின் நேரம் போய்விடும். அஜைலில் நாளும் ஆளும் பணமும் நிலையாக நிற்கும்; பட்டியல் நெகிழும். கொடியேற்றத்தன்று எது இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்ற முடிவை வேலை தொடங்கும்போதே எடுத்துவைக்கிறோம்.

பட்டியல் நெகிழவேண்டும் என்றால் வேலையைச் சரியாக வெட்டத் தெரியவேண்டும். இந்த முறையில் மிகக் கடினமான கலை இதுதான். இதைத்தான் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. அனுபவமில்லாத குழு குறுக்காக வெட்டும்: முதல் இரண்டு வாரம் தரவுத்தளம், அடுத்த இரண்டு வாரம் சர்வர், அதற்கடுத்து திரைகள். ஆறு வாரம் கழியும்வரை கோயில் செயலாளருக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. நெடுக்காக வெட்டவேண்டும். அடுக்கு கேக்கின் மேலடுக்கை மட்டும் தராமல், எல்லா அடுக்கும் வரும்படி ஓரத்தில் ஒரு துண்டு வெட்டித் தருவதுபோல. முதல் துண்டு இப்படி இருக்கலாம்: பக்தர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் தட்டுகிறார், கோயில் செயலாளர் அந்தப் பெயரைத் தன் பட்டியலில் பார்க்கிறார். கடவுச்சொல் இல்லை, படம் இல்லை, பணம் கட்டும் வசதி இல்லை, ஒரே மொழி. மிக மெல்லிய துண்டுதான், ஆனால் திரை முதல் தரவுத்தளம் வரை எல்லாம் இதில் இருக்கிறது. நாளைக்கே இதை வைத்துப் பதிவு தொடங்கலாம்.

ஒவ்வொரு துண்டுக்கும் ஸ்டோரி என்று பெயர். யாருக்கு, என்ன வேண்டும், எதற்காக என்று ஒரு வாக்கியம். அதன்கீழ், எப்போது இதை ஏற்றுக்கொள்வோம் என்ற நிபந்தனைகள். நிபந்தனைகளைப் பொதுப்படையாக எழுதாமல் உதாரணங்களாக எழுதவேண்டும். “தொலைபேசி எண் சரிபார்க்கப்படும்” என்று எழுதினால் ஆளுக்கொரு பொருள் கொள்வார்கள். மொரீசியஸ் கைபேசி எண் 8 இலக்கம். வீட்டுத் தொலைபேசி 7 இலக்கம். எட்டு இலக்கம் மட்டும் ஏற்கும்படி நிரல் எழுதிவிட்டால், கைபேசி இல்லாத பாட்டி பதிவு செய்யமுடியாது. ஒரே எண்ணில் குடும்பத்தில் நான்கு பேர் பதிவு செய்யலாமா? செய்யலாம் என்றால் எண்ணை ஒவ்வோர் ஆளையும் பிரித்துக் காட்டும் தனிக்குறியீடாக வைக்கக்கூடாது. அடையாள அட்டையில் பிரெஞ்சு முறையில் எழுதிய பெயரும் கோயில் பதிவேட்டில் தமிழ் எழுத்தில் இருக்கும் பெயரும் ஒரே ஆளுடையவை என்று எப்படித் தெரியும்? இத்தகைய கேள்விகள் நிரல் எழுதுவதற்கு முன்னால் வந்தால் ஐந்து நிமிடப் பேச்சோடு முடியும். கொடியேற்றத்துக்கு முந்தின நாள் வந்தால் இரண்டு நாள் வேலை.

ஒரு ஸ்டோரி பெரிதாக இருந்தால் எங்கே வெட்டுவது? படியில் வெட்டலாம்: முதலில் பதிவு, பிறகு திருத்தம், பிறகு ரத்து. விதியில் வெட்டலாம்: முதலில் பெரியவர்கள் மட்டும், சிறுவர்களுக்குப் பெற்றோர் ஒப்புதல் அடுத்த துண்டில். தரவில் வெட்டலாம்: முதலில் பால்குடம், பிறகு காவடி வகைகள். இரண்டு மூன்று நாளில் ஒருவரோ இருவரோ முடிக்கும் அளவுக்கு வரும்வரை வெட்டவேண்டும். அதற்குமேலும் வெட்டி, ‘பொத்தானின் நிறம்’ என்ற அளவுக்குப் போனால் பயனருக்குப் பயன் தராத துகள்தான் மிஞ்சும்.

இந்த ஸ்டோரிகளை முக்கியத்துவ வரிசையில் அடுக்கினால் அதுதான் பேக்லாக். மேலே இருப்பவை தெளிவாக, சிறியதாக இருக்கவேண்டும்; அடியில் இருப்பவை ஒரு வரிக் குறிப்பாக இருந்தால் போதும். வரிசையைத் தீர்மானிப்பவர் ஒருவர்: புரொடக்ட் ஓனர். குழு வேலைசெய்யத் தடையாக இருப்பவற்றை நீக்குபவர், அஜைல் வகைகளில் பரவலான ஸ்க்ரம் முறை பிசகாமல் பார்த்துக்கொள்பவர் ஸ்க்ரம் மாஸ்டர். வேலையைப் பங்கு போட்டுக் கொடுக்கும் மேலாளர் பதவி என்று அதை நினைத்துவிடக்கூடாது. மற்றவர்கள் அனைவரும் செய்து முடிப்பவர்கள். மொத்தம் 10 பேருக்குள் இருந்தால் நல்லது.

நம் ஊரில் புரொடக்ட் ஓனர் பெரும்பாலும் பாரிஸில் இருக்கிறார். அவருக்குப் பதில் இங்கே ஒரு பிரதிநிதி உட்காருகிறார். முடிவெடுக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. கேள்வி மின்னஞ்சலில் போகிறது, பதில் மூன்றாம் நாள் வருகிறது. அதற்குள் நிரலாளர் தானாக ஒன்றை ஊகித்து எழுதியிருப்பார், அல்லது வேறு வேலையைத் தொடங்கியிருப்பார். ஸ்பிரிண்ட் எனப்படும் பத்து வேலைநாள் சுற்றில் மூன்று நாள் காத்திருப்பு என்பது மிகப்பெரிய இழப்பு. ஒப்பந்தம் எழுதும்போதே “கேள்விக்கு அன்றைக்குள் பதில், இல்லையென்றால் இங்குள்ள பிரதிநிதியின் முடிவே முடிவு” என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் பாதித் தொல்லை தீரும்.

ஸ்பிரிண்ட் என்பது ஒரு மாதத்துக்கு மிகாத, நிலையான கால அளவு. எபேனில் பெரும்பாலும் இரண்டு வாரம். ஒரு மாத ஸ்பிரிண்டுக்கு, தொடக்கத் திட்டக் கூட்டம் 8 மணி நேரம், இறுதியில் செய்ததைக் காட்டும் ரிவ்யூ 4 மணி, தம் வேலைமுறையைத் தாமே பார்த்துக்கொள்ளும் ரெட்ரோ 3 மணி என்று ஸ்க்ரம் வழிகாட்டி உச்சவரம்பு வைக்கிறது. இரண்டு வாரத்துக்கு இதில் பாதி என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். நாள்தோறும் குழு கூடும் டெய்லி எப்போதும் 15 நிமிடம்தான்.

டெய்லியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அஜைல் முதலில் கெட்டுப்போவது அங்கேதான். “நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், என்ன தடை” என்ற மூன்று கேள்விகளை ஒவ்வொருவரும் மேலாளரைப் பார்த்துச் சொல்வது டெய்லி என்று பலர் நினைக்கிறார்கள். 2020-ல் வந்த வழிகாட்டியில் அந்த மூன்று கேள்விகளே இல்லை. ஸ்பிரிண்டின் இலக்கை எட்டுவோமா, இன்றைக்கு எதை மாற்றவேண்டும் என்று குழு தனக்குள் பேசுவதற்குத்தான் அந்த 15 நிமிடம். வேலைகளை நிலைவாரியாகப் பத்தி பத்தியாக ஒட்டிய போர்டை வலமிருந்து இடமாகப் பாருங்கள்: முடிவுக்கு மிக அருகில் இருக்கும் டிக்கெட்டை, அதாவது வேலை அட்டையை, முதலில் எடுத்து, இதை இன்றே முடிக்க யார் கைகொடுக்கலாம் என்று கேளுங்கள். ஆள் ஆளாகப் போனால் எல்லோரும் மும்முரமாக இருப்பதாகத் தெரியும். டிக்கெட் டிக்கெட்டாகப் போனால், நான்கு நாளாக அசையாமல் கிடப்பது எது என்று தெரியும்.

கூட்ட நேரத்தையும் கணக்குப் பார்த்து வைக்கவேண்டும். பாரிஸ் குளிர்காலத்தில் நம்மைவிட 3 மணி நேரமும் கோடையில் 2 மணி நேரமும் பின்னால். சென்னை ஆண்டு முழுவதும் ஒன்றரை மணி முன்னால். எபேனில் பகல் 1 மணி என்று வைத்தால் சென்னையில் எப்போதும் 2.30, பாரிஸில் குளிர்காலத்தில் 10, கோடையில் 11. மூன்று ஊருக்கும் ஒத்துவரும். பாரிஸில் காலை 9 என்று அவர்கள் கடிகாரப்படி வைத்துவிட்டால், மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் கழிந்த திங்கட்கிழமை இங்கேயும் சென்னையிலும் யாராவது ஒரு மணி நேரம் தவறவிடுவது உறுதி.

அளவிடுதலுக்கு வருவோம். மனிதர்கள் ஒரு வேலைக்கு எத்தனை மணி ஆகும் என்று சொல்வதில் மோசம். இது அதைவிடப் பெரிது, சிறிது என்று ஒப்பிடுவதில் தேவலை. அதனால் 1, 2, 3, 5, 8, 13 என்ற புள்ளிகள். எண்கள் பெரிதாகப் பெரிதாக இடைவெளி கூடுவதற்குக் காரணம், பெரிய வேலையில் நிச்சயமின்மையும் கூடும் என்பதே. 13 வந்தால் வெட்டவேண்டும் என்று பொருள். எல்லோரும் தாங்கள் நினைக்கும் புள்ளி எழுதிய அட்டையைக் கவிழ்த்து வைத்து, ஒரே நேரத்தில் திருப்பிக் காட்டும் விளையாட்டை 2002-ல் ஜேம்ஸ் கிரெனிங் எழுதி அறிமுகப்படுத்தினார்.

ஒரே நேரத்தில் காட்டுவது நம்மவர்களுக்கு மிகவும் தேவை. பெரியவர் ஒன்று சொன்னபிறகு மறுத்துப் பேசாத வளர்ப்பு நம்முடையது. அந்த மரியாதை வீட்டில் அழகு. ஆனால் மூத்த நிரலாளர் வாய்விட்டு “இது 3” என்றதும் மேசையைச் சுற்றி எல்லோரும் 3 என்று தலையாட்டினால், அந்தப் பகுதியின் பழைய நிரலில் இருக்கும் சிக்கலைப் போன மாதம்தான் தொட்டுப் பார்த்த இளையவரின் 8 வெளியே வராமலேயே போய்விடும். அட்டைகள் திரும்பியதும் மிகக் குறைந்த எண் காட்டியவரும் மிக அதிக எண் காட்டியவரும் காரணம் சொல்லவேண்டும், மற்றவர்கள் கேட்கவேண்டும். சராசரி எடுத்து முடித்துவிட்டால் இந்த விளையாட்டு வீண். 3-க்கும் 8-க்கும் நடுவில் ஒளிந்திருக்கும் அந்தச் செய்திதான் வேண்டியது. இதே காரணத்துக்காக ரெட்ரோவிலும் முதலில் ஐந்து நிமிடம் எல்லோரும் பேசாமல் தாளில் எழுதட்டும், பேச்சு பிறகு. க்ரியோலில் பேசினால்தான் சிலருக்கு மனம் திறக்கும் என்றால் க்ரியோலில் பேசட்டும்.

புள்ளிகளின் பயன் முன்கணிப்புக்கு. கடந்த மூன்று ஸ்பிரிண்டில் முடித்தவை 18, 23, 19 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 20. மீதி 110 புள்ளி. மெதுவான 18-ஆல் வகுத்தால் 7 ஸ்பிரிண்ட், வேகமான 23-ஆல் வகுத்தால் 5. ஆகவே “10 முதல் 14 வாரம்” என்று வரம்பாகச் சொல்லவேண்டும். ஒற்றை நாளைச் சொன்னால் அது வாக்குறுதியாகிவிடும். முடியாத ஸ்டோரிக்குப் பாதிப் புள்ளி கொடுக்கக்கூடாது. முழுதாக முடியும் ஸ்பிரிண்டில்தான் அதைச் சேர்க்கவேண்டும். “அடுத்த ஸ்பிரிண்டில் 25 எடுங்கள்” என்று மேலாளர் இலக்கு வைத்தால் 25 வரும். நேற்றுவரை 3 என்ற வேலை இன்றிலிருந்து 5 ஆகியிருக்கும். இரண்டு குழுக்களின் புள்ளிகளை ஒப்பிடுவதும் இப்படித்தான். இரண்டும் வேறு வேறு படியால் அளந்தவை.

ஸ்பிரிண்டுக்கு எவ்வளவு எடுப்பது என்பதில் நாள்காட்டியைப் பார்க்க மறப்பவர்கள் அதிகம். ஜனவரி கடைசியிலும் பிப்ரவரியிலும் காவடி, பிப்ரவரி 1 அடிமைமுறை ஒழிப்பு நாள், சீனப் புத்தாண்டு எல்லாம் நெருங்கி வரும். 5 பேர், 10 நாள் என்றால் 50 ஆள்நாள். இரண்டு விடுமுறை விழுந்தால் 40. ஐந்தில் ஒரு பங்கு போனபின் 20 புள்ளி எடுக்காமல் 16 எடுக்கவேண்டும். பாரிஸுக்கு இந்த விடுமுறைகள் தெரியாது; திட்டக் கூட்டத்திலேயே சொல்லிவிடவேண்டும். புயலை முன்கூட்டிக் கணக்கில் எழுத முடியாது. மூன்றாம் எச்சரிக்கை வந்து அலுவலகம் மூடினால், ஸ்பிரிண்டை நீட்டிக்காதீர்கள். நாள் நின்றபடி நிற்கட்டும்; பட்டியலின் அடியிலிருந்து ஒன்றிரண்டு ஸ்டோரியை எடுத்துவிடுங்கள். நீட்டத் தொடங்கினால் 18, 23, 19 என்ற எண்களுக்குப் பிறகு பொருளே இருக்காது.

அடுத்தது ‘முடிந்தது’ என்ற சொல். ஒருவர் “முடிந்துவிட்டது” என்பார், அவர் கணினியில் ஓடுகிறது என்பது பொருள். டெஸ்டருக்கு அது தொடக்கம். வாடிக்கையாளருக்கு அது இன்னும் கண்ணில் படவில்லை. ஆகவே குழு ஒரு வரையறையைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டவேண்டும்: வேறொருவர் நிரலைப் படித்துப் பார்த்தார், தானியங்கிச் சோதனைகள் எழுதப்பட்டு அனைத்தும் தேறின, ஏற்பு நிபந்தனைகள் சரிபார்க்கப்பட்டன, சோதனைச் சர்வரில் நிறுவப்பட்டது, பயனருக்குக் குறிப்பு தேவையென்றால் எழுதப்பட்டது. இதில் ஒன்று குறைந்தாலும் அது முடியவில்லை. ‘தொண்ணூறு சதவீதம் முடிந்தது’ என்ற நிலையே கிடையாது. மீதிப் பத்தில்தான் எல்லாச் சிக்கலும் உட்கார்ந்திருக்கும்.

வரையறை இருந்தும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. எட்டாம் நாள்வரை நிரலாளர்கள் ஆளுக்கு இரண்டு ஸ்டோரி திறந்து வைத்திருப்பார்கள். எட்டாம் நாள் மாலை எல்லாம் ஒன்றாக டெஸ்டர் மேசையில் விழும். இரண்டு நாளில் பத்து ஸ்டோரியைச் சோதிக்க அவரால் முடியாது. பிழை கண்டாலும் திருத்த நேரமில்லை. இது இரண்டு வாரத்துக்குள் அடைத்த பழைய அருவிமுறை. மருந்து: ஒரே நேரத்தில் திறந்திருக்கும் வேலைக்கு வரம்பு வைப்பது. அதைச் சொல்லித் தருவது டொயோட்டா தொழிற்சாலையில் பிறந்த கான்பன். போர்டின் ஒவ்வொரு பத்தியின் தலையிலும் ஓர் எண் எழுதுங்கள். ‘சோதனை’ என்பதில் 3 என்று எழுதியிருந்து, மூன்று டிக்கெட் அங்கே நின்றால், நான்காவதைத் தள்ளக்கூடாது. நிரலாளர் புதிதாக ஒன்றைத் தொடங்காமல் டெஸ்டர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, நிற்கும் மூன்றில் ஒன்றை வெளியேற்ற உதவவேண்டும்.

இதன் கணக்கு எளிது. 1961-ல் ஜான் லிட்டில் நிரூபித்த விதி: சராசரியாகத் திறந்திருக்கும் வேலைகளை, ஒரு வாரத்தில் சராசரியாக முடியும் வேலைகளால் வகுத்தால், ஒரு வேலைக்குச் சராசரியாக ஆகும் வாரங்கள் வரும். 12 டிக்கெட் திறந்திருந்து வாரம் 3 முடிந்தால், ஒவ்வொன்றுக்கும் 4 வாரம். வாரம் 3 என்பது மாறாமல், திறந்திருப்பதை 6 ஆகக் குறைத்தால் 2 வாரம். யாரும் கூடுதலாக ஒரு மணி நேரம் உழைக்கவில்லை. வாடிக்கையாளர் காத்திருப்பு பாதியாகிவிட்டது. மேலாளர்களுக்கு இதை நம்புவது கடினம், ஏனென்றால் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆள் அவர்கள் கண்ணில் படுகிறார், சும்மா கிடக்கும் டிக்கெட் படுவதில்லை. பழுது நீக்கும் குழு, வாடிக்கையாளர் ஆதரவுக் குழு ஆகியவற்றுக்கு ஸ்பிரிண்டே வேண்டாம்; இந்த வரம்பு போட்ட போர்டு போதும். நாளைக்கு என்ன வரும் என்று தெரியாதவர்கள் இரண்டு வாரத்துக்குத் திட்டம் போடுவது வீண்.

தானியங்கிச் சோதனையை மேலே ஒரு வரியில் சொன்னோம். அது இல்லாவிட்டால் அஜைல் ஆறு மாதத்துக்குமேல் தாங்காது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதிதாக ஒன்றைச் சேர்க்கிறோம் என்றால், பழையது உடைந்ததா என்று ஒவ்வொரு முறையும் பார்க்கவேண்டும். ஒவ்வொரு ஸ்பிரிண்டும் 10 கைச்சோதனை சேர்க்கிறது, ஒன்றுக்கு 6 நிமிடம் என்றால் ஸ்பிரிண்டுக்கு ஒரு மணி நேரம் கூடிக்கொண்டே போகும். இருபது ஸ்பிரிண்ட் கழிந்தபின் பழையதைப் பார்க்கவே 20 மணி நேரம். அந்தக் கட்டத்தில் குழு சோதனையைக் கைவிடும், அல்லது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடலாம் என்று பழைய வழிக்குப் போகும். நிரலை நாள்தோறும் ஒன்றுசேர்ப்பதும், சேர்த்ததும் சோதனைகள் தாமாக ஓடுவதும் முதல் ஸ்பிரிண்டிலேயே அமையவேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது எந்தக் குழுவிலும் சுலபத்தில் நடப்பதில்லை.

ரிவ்யூ கூட்டத்தில் ஸ்லைடு வேண்டாம். கோயில் செயலாளரின் கையில் கைபேசியைக் கொடுத்துவிட்டு, குழு கையைக் கட்டிக்கொண்டு பார்க்கட்டும். “அங்கே தட்டுங்கள் ஐயா” என்று சொல்லத் தோன்றும், சொல்லக்கூடாது. அவர் தேடித் தடுமாறும் இடம்தான் அடுத்த ஸ்டோரி. முடிந்தால் கோயில் முற்றத்து வெயிலிலேயே பார்க்கட்டும். ஏசி அறையில் தெளிவாகத் தெரிந்த வெளிர்சாம்பல் எழுத்து அங்கே தெரியாது. ரெட்ரோவுக்கு ஒரே விதி: ஒன்று அல்லது இரண்டு மாற்றம், ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளின் பெயர், அடுத்த ஸ்பிரிண்டின் வேலையோடு அதையும் போர்டில் வைப்பது. எட்டு முடிவு எழுதிய ரெட்ரோவில் எட்டும் நடக்காது. மூன்று முறை அப்படி ஆனால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

பணம், ஒப்பந்தம் பற்றி எழுதாமல் விட்டால் இந்தக் கடிதம் நிறைவாகாது. பிரெஞ்சு வாடிக்கையாளர்கள் ‘காயே தே ஷார்ஜ்’ என்ற கனமான தேவை ஆவணத்தைக் கொடுத்து, ‘ஃபோர்ஃபெ’யாக, அதாவது மொத்தமாக ஒரு விலை கேட்பார்கள், அதே மூச்சில் அஜைல் முறையில் செய்யுங்கள் என்பார்கள். பட்டியலும் விலையும் நாளும் மூன்றும் பூட்டப்பட்டபின் நெகிழ எதுவும் மிஞ்சவில்லை. தரம்தான் நெகிழும், இரவுத் தூக்கம் நெகிழும். இதற்கு வழி உண்டு. 8 ஸ்பிரிண்ட், இத்தனை பேர், இந்த விலை என்று அதை நிலையாக வையுங்கள். 20 புள்ளி வீதம் 160 புள்ளி வரும். கட்டாயம் வேண்டியவை மொத்த உழைப்பில் 60 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று, இன்னோர் அஜைல் வகையான டி.எஸ்.டி.எம். முறை சொல்லும் அளவை எடுத்துக்கொண்டால், 96 புள்ளிதான் ‘இது இல்லாமல் முடியாது’ என்ற பட்டியலில் இருக்கலாம். மீதி நல்லது, இருந்தால் மகிழ்ச்சி என்ற வகை. புதிதாக 5 புள்ளி ஸ்டோரி ஒன்று உள்ளே வரவேண்டும் என்றால், இன்னும் தொடங்காத 5 புள்ளி வெளியே போகவேண்டும். விலை மாறாது, கடிதப் போக்குவரத்தும் வேண்டாம். ‘ரெசெத்’ எனப்படும் ஏற்புச் சோதனையை இறுதியில் ஒரே மூட்டையாக வைக்காமல் ஒவ்வொரு ஸ்பிரிண்டின் முடிவிலும் கையெழுத்து வாங்குங்கள். இதற்கு வாடிக்கையாளர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நேரம் ஒதுக்கவேண்டும். அதற்கு ஒப்பாதவரிடம் அஜைல் என்று சொல்லி வேலை எடுக்காதீர்கள். பழைய முறையில், நல்ல கால அவகாசத்தோடு எடுங்கள். அதில் இழுக்கு ஒன்றுமில்லை.

இன்று எந்த முறையும் இல்லாமல் திணறும் குழு, இவை அனைத்தையும் திங்கட்கிழமையே தொடங்க வேண்டியதில்லை. கையில் திறந்திருக்கும் எல்லா வேலையையும் ஒவ்வோர் அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். எண்ணுங்கள். ஆட்களின் எண்ணிக்கையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால், புதிதாக எதையும் தொடங்காமல் முதலில் அதைக் குறையுங்கள். ஸ்பிரிண்டும் புள்ளியும் அதற்குப் பிறகு வரட்டும்.

கடைசியாகத் தங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி இந்தத் துறைச் செய்திகளில் ‘அஜைல்’ என்றே தமிழ் எழுத்தில் எழுதுங்கள். சுறுசுறுப்பு என்று எழுதவேண்டாம். தமிழ்ச்சொல் தேவைப்படும் இடங்களில் ஸ்பிரிண்டுக்குச் ‘சுற்று’ என்றும், பேக்லாகுக்குப் ‘பணிவரிசை’ என்றும், ரெட்ரோவுக்கு ‘மீள்பார்வை’ என்றும் எழுதலாம். பள்ளிக்கூடத் தமிழ் மட்டும் தெரிந்த நம் பிள்ளைகளுக்கும் இவை புரியும். ஒரு சுற்றில் முடியும் புள்ளிகளுக்கு ஆங்கிலத்தில் ‘வெலாசிட்டி’ என்கிறார்கள். அதையும் ‘வேகம்’ என்று பெயர்த்துவிடாமல் ‘கொள்ளளவு’ என்று எழுதினால், 18-ஐ ஏன் 25 ஆக்கவில்லை என்று கேட்கும் மேலாளர்கள் கொஞ்சம் குறைவார்கள்.

இப்படிக்கு,
மென்பொருள் பணியாளர்கள் சிலர்,
எபேன், மொரீசியஸ்